சாதிக்கின் மறைப்பில் நான் உட்கார்ந்த காலை

டெக்சாஸ் பிளானோவில் குடியிருந்துகொண்டு ஒருவர் என்னைத் தெரியாது என்றால், அவர் போன வாரம்தான் விமானத்தை விட்டு இறங்கியிருக்க வேண்டும். மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கறிவேப்பிலை வாங்க வருகிறவர்கள் என்னிடம் வழி கேட்டுக்கொண்டுதான் ஊர் சுற்றக் கிளம்புவார்கள். பத்தாவதோடு நிறுத்திக்கொண்டவன் நான். அதற்கு மேல் என்னைத் தாங்கப் பள்ளிக்கூடத்துக்குத் தெம்பு இல்லை. ஆனால் அமெரிக்காவில் நான் வண்டி ஓட்டாத ஃப்ரீவே என்று ஒன்று இருந்தால், அது இனிமேல் போடப்போவதாகத்தான் இருக்கும். போன இடத்தைப் பற்றியெல்லாம் எழுதியும் விடுவேன். ஒரு மலைப் பள்ளத்தாக்கு பற்றி நான் எழுதிய பிறகுதான் அங்கே கூட்டம் தாங்கவில்லை என்று கலிஃபோர்னியா சான் ரமோன் வாசகர் ஒருவர் சொன்னார். நான் மறுக்கவில்லை.

இந்தத் தடவை போனது வேறு மாதிரிப் பயணம். வில் வேட்டை. அக்டோபர் கடைசி வெள்ளி மதியம் கிளம்பி ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிட்டோம். வந்ததும் எழுதியிருக்க வேண்டும். மூன்று வாரம் தள்ளிப் போட்டேன். நான் தள்ளிப் போடுகிற ஆள் இல்லை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் சாதிக். எனக்குச் சின்னமனூர், அவனுக்கு உத்தமபாளையம். அந்த ஒரு பஸ் ரூட் போதும், இங்கே சொந்தக்காரர்கள் ஆகிவிட்டோம். பிளானோவிலேயே லெகசி என்கிற பகுதியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. நாற்பத்து நான்கு வயது, அதிர்ந்து பேச மாட்டான். வேட்டைப் பழக்கம் இங்கே வந்த பிறகு ஆபீஸ் நண்பர்கள் மூலம் தொற்றியது. முதலில் இரண்டு முனையிலும் உருளை வைத்த நவீன வில்லில் மான் அடித்தான். பிறகு அதை விற்றுவிட்டு மர வில்லுக்கு மாறினான். மாறி ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமாக ஒரு மான் கிடையாது. ஒவ்வொரு சீசனுக்கும் ஐஸ் பெட்டியைக் காரில் ஏற்றும்போது அவன் மனைவி நஸ்ரின் வாசலில் நின்று, "வர்ற வழியில கோழி வாங்கிட்டு வந்துருங்க, பெட்டி சும்மா வர வேணாம்" என்று சொல்லி அனுப்புவாள்.

கடைசியாக ஒரு விஷயம் வந்து சேர்ந்தது. அவனுடைய வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை ஆபரேஷன். அதற்கப்புறம் அந்த வில்லை மறந்துவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைக் கடையில் நான் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"இந்த வீக்எண்ட்தாண்ணே கடைசி. அடிச்சா இப்ப அடிச்சாத்தான்."

"நானும் வர்றேன்டா. மேகமலைல காட்டுப் பன்னி தடம் பாத்தே வளந்தவன் நான். உனக்கு ராசியா இருக்கும்."

மேகமலை அடிவாரத்தில் வளர்ந்தது உண்மை. தடத்தைப் பற்றி இப்போது எதற்கு. பருப்பு தராசில் ஏறி முள் நிற்கும்வரை அவன் முள்ளையே பார்த்தான். அப்புறம், "வாங்கண்ணே" என்றான். அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவன் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அவன் வாய்க்குத் தெரியாது.

வெள்ளி மதியம் இரண்டரைக்குக் கிளம்பினோம். தோள் காரணமாக நான்தான் ஓட்டினேன். வழி சுலபம். எழுபத்தைந்தாம் நம்பர் நெடுஞ்சாலையில் வடக்கே ஷெர்மன் வரை. அங்கிருந்து எண்பத்திரண்டில் கிழக்கே திரும்பி பான்ஹம். பிறகு சரளைக்கல் ரோடு. மொத்தம் எண்பத்து நான்கு மைல். நடுவில் ஒரு காப்பி குடித்தும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் சேர்த்துவிட்டேன். பெட்ரோலுக்குப் போகவர முப்பத்தொரு டாலர். சரளைக்கல் ரோட்டில் சின்னக் கார் வேண்டாம், அடி வாங்கும்.

கிளம்பும்போது சாதிக்கின் மகள் ஜன்னல் பக்கம் வந்து, "டாட், ப்ளீஸ் டோன்ட் க்ளைம்ப் எனிதிங்" என்றாள். "சரிம்மா, ஏற மாட்டேன், கீழதான் உக்காருவேன்" என்றான் அவன். பதினோரு வயதுப் பெண்ணுக்கு இருந்த விவரம்.

நிலத்துக்காரர் பெயர் ஏர்ல். எழுபதைத் தாண்டியவர், உயரம் ஆறரை அடிக்குக் கம்மியில்லை. தொப்பியைச் சேர்த்தால் ஏழு. முந்நூறு ஏக்கர், நடுவில் ஒரு ஓடை, ஓரத்தில் நாலு கட்டில் போட்ட மர வீடு. ஆளுக்கு நாளொன்றுக்கு அறுபது டாலர். வில் கொண்டுவந்தாலும் சரி, என்னைப் போல ஃப்ளாஸ்க் மட்டும் கொண்டுவந்தாலும் சரி, அதே அறுபதுதான். துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. உருளை வைத்த வில்லுக்கும் இல்லை. அந்த வாரம் எங்களைத் தவிர யாரும் வரவில்லை.

அன்று சாயங்காலம் தின்பண்டமெல்லாம் பிரித்துவைத்து உட்கார்ந்தோம். அப்போதுதான் எனக்கு வில் என்றால் என்ன என்று விளங்கியது. விளங்கியதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஏர்ல் வைத்திருப்பது ஒரே கட்டையில் செதுக்கிய வில். போடார்க் என்று அந்தப் பக்கத்தில் சொல்கிற மரம். பச்சைப் பந்து போலச் சுருக்கம் விழுந்த காய் காய்க்கும். மாடுகூடத் தயங்கித்தான் தின்னும். மரத்தை வெட்டினால் உள்ளே மஞ்சள் கிழங்கு நிறம். வருஷக்கணக்கில் காயவைத்து, மரத்தின் வருஷ வளையங்களில் ஒரே ஒன்றை வில்லின் முதுகு நெடுக விடாமல் பின்பற்றிச் செதுக்க வேண்டுமாம். அந்த வளையம் ஓரிடத்தில் அறுந்தால் வில்லும் அந்த இடத்தில்தான் உடையும். அவருடைய வில் நடுவில் ஒரு முடிச்சு இருந்தது. அந்த முடிச்சைச் சுற்றிக்கொண்டு வில் பாம்பு போல நெளிந்து போனது. நேராக இல்லாத வில் எப்படி நேராக அடிக்கும் என்று கேட்டேன். தன் மூக்கும்தான் நேராக இல்லை, தும்மல் சரியாகத்தான் வருகிறது என்றார்.

சாதிக்கினுடையது நீள வில். மேப்பிள் மரப் பட்டைகளை அடுக்கி ஒட்டியது. நிறுத்திவைத்தால் என் புருவத்துக்கு வரும். நுனி முன்பக்கம் வளைந்த இன்னொரு ஜாதி வில்லும் உண்டு. அது வேகம் கூடுதல், கொஞ்சம் சத்தமும் கூடுதல். சாதிக் சத்தம் வேண்டாம் என்கிற கட்சி. நாணில் இரண்டு இடத்தில் நீர்நாய் ரோமம் சுற்றியிருந்தான், நாண் அதிராமல் இருக்க. அம்பு சிடார் மரத் தண்டு, வான்கோழி இறகு மூன்று. இரண்டு பழுப்பு, ஒன்று மட்டும் வெள்ளை. இருட்டு பிரியாத நேரத்தில் நாணில் எந்தப் பக்கம் வைப்பது என்று பார்த்த உடனே தெரிய வேண்டும். முனை இரண்டு விளிம்பு உள்ள இரும்பு. அதைத் தன் முன்கையில் வைத்து இழுத்துக் காட்டினான். ரோமம் உதிர்ந்தது. முன்கையில் பாதி வழுக்கையாக இருந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் ஏதோ தோல் வியாதி என்று நினைத்துக் கடையில் வேப்பெண்ணெய் கொடுத்திருக்கிறேன்.

"கூர் இல்லைன்னா அந்த ஜீவன் கஷ்டப்படும்ணே. கூரா இருந்தா அதுக்கே தெரியாது. பிஸ்மில்லா சொல்லித்தான் விடணும், அப்பத்தான் கறி எங்களுக்கு ஆகும். அதையும் விடுற நொடியில சொல்லணும். முன்னாடியே சொல்லி வச்சுக்க முடியாது."

தோள் விஷயமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உருளை வில்லில் முழுக்க இழுத்துவிட்டால் பாரம் குறைந்துவிடும். நின்று நிதானமாகக் குறி பார்க்கலாம். மர வில்லில் இழுக்க இழுக்கப் பாரம் ஏறும். கடைசியில் மொத்தமும் தோளில்தான் நிற்கும். குறி பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. கண் போகும் இடத்துக்குக் கை போக வேண்டும். அதனால் இவர்கள் பதினைந்து தப்படிக்கு மேல் அம்பை விடுவதில்லை. எட்டாத மானை விட்டுவிடுவார்கள். அதில் ஒரு பெருமையும் உண்டு. எத்தனை மான் அடித்தேன் என்று சொல்லிக்கொள்வதைவிட, எத்தனை மானை அம்பை விடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைத்தான் ஏர்ல் விரிவாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் ஓடைக் கரை மறைப்பில் உட்கார்ந்தோம். மறைப்பு என்றால் சிடார் கிளைகளை வெட்டி வளைவாகச் சாத்தி, உள்ளே ஒரு முக்காலி போட்ட இடம். வேட்டைக்காரர்கள் ப்ளைண்ட் என்பார்கள். அங்கிருந்து கரையோரமாகவே பன்னிரண்டு தப்படியில் ஓடையைக் கடக்கிற மான் தடம். சாதிக் முக்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு மண்ணில் மண்டியிட்டிருந்தான். அக்டோபரிலும் டெக்சாஸ் வெயில் வெயில்தான். எட்டரைக்கே சட்டை நனைந்துவிட்டது. மான் வரவில்லை. பன்றிகள் வந்தன, ஒன்பது. ஒரு தாய்ப் பன்றி எங்கள் எதிரே படுத்து முதுகு தேய்த்துக்கொண்டது.

"ஆறு வருஷமா இதேதாண்ணே. பன்னிக்குத் தெரியும் போல, இந்தப் பாய் ஒண்ணும் பண்ண மாட்டார்னு" என்று காதோடு சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. பன்றிகள் போய்விட்டன.

மத்தியானம் ஏர்லும் சாதிக்கும் பழைய அடிமரங்களின் மேல் அம்பு விட்டுப் பழகினார்கள். அதற்கென்று மழுங்கிய முனை. ஒருவர் ஒரு இலையைக் காட்டுவார், மற்றவர் அதை அடிக்க வேண்டும். ஏர்லின் வில்லை வாங்கி நானும் இழுத்தேன். கொஞ்சம் மனசு வைத்திருந்தால் முழுக்க இழுத்திருப்பேன். வில் பழையதாயிற்றே என்று பாதியில் விட்டுக்கொடுத்தேன். சாதிக் மூன்றே அம்புதான் விட்டான். மூன்றும் ஒரு கையகல இடத்தில் நின்றன. நான்காவதை எடுத்து, பார்த்து, திரும்ப அம்புக் கூட்டில் வைத்துவிட்டான்.

"ஏண்டா?"

"எண்ணி வச்சிருக்கேண்ணே. நாளைக்கு ஒரு தடவை இழுக்கணும். ஒரு தடவை போதும்."

அன்று சாயங்காலமும் ஒன்றும் வரவில்லை. ஆனால் சாப்பிடும்போது காற்று திரும்பி வடகாற்று அடிக்க ஆரம்பித்தது. கதவு அடித்துக்கொண்டது. ஏர்ல் வெளியே போய் நின்றுவிட்டு வந்து, குளிர் இறங்குகிறது, நாளைக் காலை மான்கள் நடக்கும், நானாக இருந்தால் அந்த ஓடைக் கடப்பை விட்டு நகர மாட்டேன் என்றார். சாதிக் அம்பு முனையைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்னால் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அந்த நிலத்தில் உட்காருவதற்கு இரண்டு இடம் இருந்தது. ஒன்று ஓடைக் கரை மறைப்பு. இன்னொன்று மேட்டில் ஓக் மரத்தில் கட்டிய பரண். பதினைந்து படி இரும்பு ஏணி ஏற வேண்டும். ஒரு மறைப்பில் ஒரு ஆள்தான், இரண்டு பேர் உட்கார்ந்தால் அது பேச்சுக் கச்சேரி என்று முந்தின நாளே ஏர்ல் கிண்டல் செய்திருந்தார். அவர் என்னைப் பார்த்து, இங்கேயே இரு, பான்கேக் சுட்டுத் தருகிறேன் என்றார்.

அதற்குள் சாதிக் சொன்னான்: "அண்ணே, நீங்க ப்ளைண்ட்ல உக்காருங்க. நான் பரண்ல ஏறிக்கிறேன். உங்க முழங்காலுக்கு அந்த ஏணி ஆகாது."

"எனக்கு எதுக்குடா அந்த இடம்?"

"இவ்வளவு தூரம் வந்துட்டு மான் பாக்காமப் போனா நல்லாவா இருக்கும்? உக்காருங்க."

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பந்தியில் இன்னொரு கரண்டி வைக்க வந்தால் ஒரு தடவை வேண்டாம் என்போம். வைக்கிறவரும் அந்த ஒரு தடவையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார். நான் ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. மான் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது; நல்ல இடம் எனக்குக் கொடுக்கப்படுகிறது என்ற சந்தோஷமும் இருந்தது.

ஏர்ல் சாதிக்கின் தோளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: ஒரு வேட்டைக்காரன் எங்கே உட்காருவது என்பதில் இன்னொருவன் வாயே திறக்கக் கூடாது. அவர் திறக்கவில்லை. சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார். அவர்கள் மரியாதையும் நம் மரியாதையும் அந்த மேஜையில் ஒன்றுக்கொன்று ஒத்தாசை செய்துகொண்டன. நான் ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு நடந்தேன். வில் இல்லை, வேட்டை லைசென்ஸ் இல்லை. பதினைந்து தப்படிக்குள் மான் வரும் இடத்தில் காப்பியோடு ஒருவன்.

நல்ல குளிர். போடார்க் காய்கள் ஓடைக் கரையில் விழுந்து கிடந்தன. வெளிச்சம் வந்து கொஞ்ச நேரம் கழித்து, அணில் என்று நான் நினைத்த சத்தம் அணில் இல்லை.

அது ஒற்றையாக வந்தது. தலையைத் தாழ்த்தி, தடத்தை முகர்ந்துகொண்டே இறங்கியது. கழுத்து தடித்திருந்தது. கொம்பில் எட்டு முனை. நான் எண்ணினேன், எட்டுதான். ஓடை விளிம்பில் வந்து நின்றது. குனிந்து குடித்தது. மூக்கிலிருந்து புகை வந்தது. நிமிர்ந்து எதிர்க் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. காற்று அதன் பக்கமிருந்து என் பக்கம் வந்தது. அதற்கு நான் இருப்பதே தெரியாது.

கையை அசைக்கக் கூடாது என்று சாதிக் சொல்லியிருந்தான். நான் அசைக்கவில்லை. போன் சட்டைப் பையில் இருந்தது. படம் எங்கே என்று வாசகர்கள் கேட்பீர்கள். படம் இல்லை. மேட்டுப் பரண் கால் மைலுக்கு அந்தப் பக்கம். நான் கூப்பிட்டால் மான் ஓடும். கூப்பிடாவிட்டாலும் அவனுக்கு ஒன்றும் இல்லை. மூச்சை விடவும் பயமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வருஷத்தில் நான் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது அன்றுதான், அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிறகு அது ஓடையைத் தாண்டி எதிர் மேட்டில் ஏறி, சிடார்களுக்குள் போய்விட்டது. அவசரமே படாமல் போனது.

பத்தரைக்கு சாதிக் வந்தான். வில் இடது கையில். வலது கையை ஜாக்கெட் பையில் நுழைத்திருந்தான். முகம் வெளுத்திருந்தது, ஏணியில் இறங்கும்போது ஒரு படி தவறிவிட்டதாகச் சொன்னான்.

"அங்கிட்டு ஒண்ணும் இல்லண்ணே. இங்கிட்டு ஏதாச்சும் வந்துச்சா?"

ஒன்றை நூறாகச் சொல்லிப் பழகிய வாய் இது. அன்றைக்கு எட்டு முனையை ஒன்றுமில்லாமல் ஆக்கப் பார்த்தது. "ரெண்டு பெட்டை மான். தூரத்துல போச்சு."

சாதிக் தலையாட்டிவிட்டு ஓடைப் பக்கம் நடந்தான். ஈர மணலில் உட்கார்ந்து, குளம்புத் தடத்துக்குள் இரண்டு விரலை வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

"பெட்டை இல்லண்ணே" என்றான். "கெடா."

அவன் எழுந்து கை மணலைத் தட்டினான். "சரி வாங்க, பான்கேக் ஆறிப் போயிருக்கும்."

பெட்டிகளை ஏற்றும்போது ஏர்ல் என்னைக் காருக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை, வானிலை சொல்வது போலத்தான் சொன்னார். அந்த மறைப்பை ஆகஸ்டில் மூன்று வாரக் கடைசிகளில் சாதிக்தான் கட்டினானாம். ரம்பத்தை இடது கையில் பிடித்து ஒவ்வொரு கிளையாக அறுத்தானாம். அந்த முக்காலியின் காலை இரண்டு முறை வெட்டி உயரம் குறைத்தானாம், உட்கார்ந்தபடி முழங்கை தாழ்ந்திருந்தால் தோள் ஒரு தடவை இழுக்க விடும் என்று. பரண் ஏறினால் அந்தக் கை அன்றைக்கு எழும்பாது என்று அவனுக்கே தெரியுமாம்.

"நீங்க ஏன் காலைலயே சொல்லல?" என்று கேட்டேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"அவன் இடம், அவன் கொடுத்தான்" என்றார். "நீ கேட்பாய் என்று நினைத்தேன்."

திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். எழுபத்தைந்தில் ஏறித் தெற்கே திரும்பிய பிறகு சாதிக் கேட்டான்.

"எப்படி இருந்துச்சுண்ணே?"

மறைத்துப் பிரயோஜனமில்லை. கொம்பிலிருந்து ஆரம்பித்தேன், அது எப்படி விரிந்தது, எவ்வளவு அகலம் என்று.

"கொம்ப விடுங்க. எங்க நின்னுச்சு?"

"தண்ணி ஓரத்துல. அந்த வெள்ளைக் கல்லுகிட்ட."

"பன்னெண்டு தப்படி" என்றான். அவன் அளந்து வைத்திருந்த கல். "எந்தப் பக்கம் பாத்து?"

"எதிர்க்கரை. உடம்பு முழுசா நமக்குப் பக்கவாட்டுல."

"நம்ம பக்கத்து முன்னங்கால்? முன்னாடி வச்சிருந்துச்சா, பின்னாடியா?"

கண்ணை மூடாமலே எனக்கு அது தெரிந்தது. "முன்னாடி. ஒரு அடி எடுத்து வச்ச மாதிரி."

அது எதற்கு என்று எனக்குத் தெரியும். வெள்ளி சாயங்காலம் சொல்லியிருந்தான். அந்தக் கால் முன்னால் போனால்தான் தோள் எலும்பு விலகி விலாப் பக்கம் திறக்கும். அம்பு நேரே உள்ளே போகும். ஆறு வருஷம் அவன் காத்திருந்தது அந்த ஒரு காலுக்கு.

சாதிக் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தான். இடது கையை முன்கண்ணாடியை நோக்கி நீட்டினான். வலது கையைத் தூக்கி இழுக்கப் பார்த்தான். கை நெஞ்சு வரை வந்து நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. இடது கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் அங்க உக்காந்திருக்கக் கூடாதுடா" என்றேன்.

"அட, விடுங்கண்ணே. நீங்களாச்சும் பாத்தீங்களே." வெளியே பார்த்தான். "அடுத்த எக்ஸிட்ல நிறுத்துங்க. நஸ்ரினுக்குக் கோழி வாங்கணும்."

திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கையைக் கழுத்தோடு தொட்டில் மாதிரிக் கட்டிக்கொண்டு கடைக்கு வருகிறான்; நான் பையைத் தூக்கிக்கொண்டு கார் வரை போகிறேன். குறுக்கு வில் என்று ஒன்று இருக்கிறது, விசையை அழுத்தினால் போதும், தோளுக்கு வேலையில்லை என்று விசாரித்துச் சொன்னேன். சிரித்துவிட்டு, கத்தரிக்காய் எப்ப வந்தது என்று கேட்டான். மேப்பிள் வில்லை நாண் இறக்கி வீட்டுச் சுவரில் படுக்கை வாட்டமாக மாட்டியிருக்கிறான். நிறுத்திவைத்தால் கோணிவிடுமாம். இனி யாரும் இழுக்கப்போவதில்லை என்றாலும் கோணக் கூடாது என்கிறான்.

இனி போக நினைக்கிறவர்களுக்கு. டெக்சாஸில் வேட்டைக்கு லைசென்ஸ் வேண்டும், வில்லுக்குத் தனியாக அனுமதியும் பாதுகாப்பு வகுப்பும் உண்டு. கட்டணம் மாறும், போகும் முன் பாருங்கள். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா சட்டம் வேறு, என்னை நம்ப வேண்டாம். இங்கே பெரும்பாலும் தனியார் நிலம்தான், நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் ஒரு அடி வைக்காதீர்கள். அக்டோபர் கடைசியில் போங்கள், ஆனால் வடகாற்று அடிக்கும் நாளாகப் பாருங்கள். மல்லிகை வாசனை சோப்பு, விபூதி, தேங்காயெண்ணெய் எதுவும் இரண்டு நாளைக்கு வேண்டாம். முறுக்கு கொண்டுபோகாதீர்கள், கடிக்கிற சத்தம் கால் மைல் கேட்கும். புளிசாதம் நல்லது. வெறும் நாணை இழுத்து விடாதீர்கள், வில் உடைந்துவிடும். இருவருக்கு மூன்று நாளும் எல்லாம் சேர்த்து நானூற்றைம்பது டாலருக்குள் முடிந்தது.

வில் இல்லாமல் கூடப் போகிறவரானால் இன்னொன்று. அவர்கள் உங்களை நல்ல இடத்தில் உட்காரச் சொல்வார்கள். நம் ஆட்கள் கட்டாயம் சொல்வார்கள். அப்போது, இது யார் உட்காருவதற்காகச் செய்த இடம் என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு, ஒரு தடவை அல்ல, எத்தனை தடவை வேண்டுமோ அத்தனை தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் போய் உட்காருங்கள். பான்கேக் நன்றாகவே இருந்தது. சூடாக இருக்கும்போது சாப்பிட்டிருக்கலாம்.